கடுக்காய்ச் சீட்டு

நாகலூர்ப் பக்கம் பூட்டிக் கிடந்த எஸ்டேட்டில்
பின்கொட்டகையைப் பிரித்தபோது
மிளகுக்கொடி சுற்றிப்போய்க் கிடந்தது அது.
ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புக் கூடு,
உடம்பெல்லாம் ஓட்டை,
ஒரு முனையில் கைப்பிடி.

மரவள்ளி துருவுகிற உருளை என்றாள்
ஆத்தூர் சேகோ ஆலையில்
ஆறு வருஷம் நின்ற தீர்த்தாயி.
துருவுறதுக்கு முள்ளு எங்கடி என்றாள் பூங்காவனம்.
மீன்கூடு என்றான் ஏரியில் படகு விடும் ராபின்.
வார்டு மெம்பர் மூன்று முறை சுற்றிவந்து
வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் என்றார்.
அதை நாங்களும் சொல்லுவோம்.

செவ்வாப்பேட்டை லாரிக்காரன் கிலோ முப்பத்தொன்று என்றான்.
குழுவில் பேசி நாங்கள் முப்பத்திரண்டு என்றோம்.
எதற்கென்று கேட்டால் பதில் இல்லை.
கைப்பிடியைப் பிடித்தேன்,
சுற்றியது.
அவ்வளவுதான் காரணம்.

குழுவில் இருபது பேர். மாதம் ஆயிரம்.
அதுவரை எவர்சில்வர் சொம்பில்
துண்டுச்சீட்டைப் போட்டுக் குலுக்கி
ஏதாவது ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம்.
குழந்தைக்கு ஓர் அம்மா இருப்பாள்,
அதுதான் சிக்கல்.
இரும்புக்கு யாரும் உறவில்லை.

காகிதம் அரைச் சுற்றில் உதிர்ந்தது.
கோலிக்குண்டு உடைந்தது.
காட்டில் பொறுக்கிய கடுக்காய் மட்டும் தாங்கியது.
இருபதை எடுத்து நான்தான்
மார்க்கர் பேனாவில் எண் போட்டேன்.
முதலில் விழும் எண்ணுக்குப் பணம்.

ஆடியில் பதினேழு.
ஆவணியில் நான்கு.
புரட்டாசியில் பள்ளிக்கூட வராந்தாவுக்குள்
பனி ஏறிவந்த நேரம்,
கைப்பிடியை நான் தொடுமுன்னே
பதினொன்று, என்றாள் தீர்த்தாயி.
பதினொன்றே விழுந்தது.
பதினொன்று நான்.

போன மாசம் நாலுக்கு அடுத்து
விழுந்தது அதுதானே, என்றாள்.
யாரும் எழுந்திருக்கவில்லை.
பொருளாளரம்மா,
எங்களுக்கே கடுக்காய் குடுத்துட்டியே.

அன்றிரவு கொட்டகையில் தனியாகச் சுற்றினேன்.
இருபதும் விழும்வரை சுற்றினேன்.
கைப்பிடிப் பக்கம் பொடிசு.
நடுவில் நடுத்தரம்.
மிச்சமிருந்த பெரிசுகள் மறுமுனை வாய்வழியே
ஒவ்வொன்றாய் இறங்கின, அவசரமே இல்லாமல்.
செல்போன் வெளிச்சத்தில்
ஓட்டைகளில் விரல் விட்டுப் பார்த்தேன்.
இந்த முனையில் கட்டைவிரல் முட்டியது.
அந்த முனையில் இரண்டு விரல் சேர்ந்து போனது.

கீழே மூன்று தகரச் சரிவு.
அரிவாள் நுனியால் துருவைச் சுரண்டினேன்.
வெள்ளைப் பெயிண்ட், குச்சி குச்சியாய் எழுத்து:
மாட்டுக்கு.
விதைக்கு.
சந்தைக்கு.

உருளைக்கிழங்கு.
அந்தக் காப்பித் தோட்டத்தில் யாரோ ஒருவர்
உருளைக்கிழங்கும் போட்டிருக்கிறார்,
உருளைக்கென்றே ஓர் உருளை செய்திருக்கிறார்.
குலுக்கத் தெரியாது அதற்கு.
பிரிக்கத்தான் தெரியும்.
மூன்று மாதமாய் அதையேதான் செய்துகொண்டிருந்தது,
எங்கள் கண்ணெதிரே,
எங்கள் ஆயிரங்களை வைத்து.

கெழங்குன்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா
என்றாள் தீர்த்தாயி விடிந்ததும்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
பணத்தை நான் திருப்பிவைத்தேன்.
வேண்டாம் என்று ஏழு பேர் சொன்னார்கள்.
மற்றவர்கள் எண்ணிப்பார்த்து வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது கார்த்திகை.
மூட்டை மூட்டையாய்க் கடுக்காய் அதில் சுழல்கிறது.
கலந்து கட்டினால் ஒரே விலை சொல்லும் வியாபாரி
மூன்று சாக்கைப் பார்த்துவிட்டு
மூன்று விலை சொன்னான்,
பெரிசுக்குச் சொன்னது எங்களுக்கே கூச்சமாக இருந்தது.
பொடிசு விழும் இடத்தில் இன்னமும்
மாட்டுக்கு என்றுதான் இருக்கிறது.

சீட்டு மறுபடி சொம்புக்கே போய்விட்டது.
குழந்தைக்கு அம்மா இருக்கத்தான் செய்கிறாள்.
பதினொன்றை நான் வைத்திருக்கிறேன்.
யாரும் இல்லாதபோது உள்ளே போட்டுச்
சுற்றிப்பார்ப்பேன்.

மாட்டுக்கு.